பழுதுக் கொப்பி

பள்ளிக்கூடத்தில் தவணைக்குத் தவணை சோதனை வரும், புள்ளி வரும், வருட முடிவில் அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிடுவார்கள். தொழிற்பயிற்சி நிலையத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். பழைய தொழிலை விட்டுவிட்டு, வீட்டு விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டு, யூரியூப்பைப் பார்த்துப் புதுத் தொழில் பழகுகிறவரை யாரும் வகுப்பேற்றுவதில்லை. இரண்டு வருடம் கழிந்த பிறகும், தொடங்கிய இடத்திலேயே நிற்பதாக அவருக்குப் படும். பெரும்பாலும் அது உண்மையில்லை. வந்த தூரத்தை அளக்க அவரிடம் ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. அளப்பதற்கு என்ன செய்யலாம் என்பதே இந்த அத்தியாயம்.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இந்தக் குறை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. போர் முடிந்த 2009இல் பதினைந்து, பதினாறு வயதாக இருந்தவர்கள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். சாதாரண தரம் எழுதவேண்டிய வயதில் பதுங்குகுழியிலும், பிறகு செட்டிகுளம் முகாம்களிலும் இருந்தவர்கள். அவற்றில் பெரியதான மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை அங்கே இருந்த குடும்பங்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. ஊர் திரும்பியதும் கைக்குக் கிடைத்த வேலையைப் பிடித்தார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. பயனாளியே ஆள் பிடித்துக் கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு எழும்பினால் மேசன்மாருக்கு எங்கே போவது? அதுவரை மேசன் கரண்டியைத் தொட்டறியாத பெடியள் கூலிக்குக் கல் தூக்கி, பார்த்துப் பார்த்தே மேசன் ஆனார்கள். திட்டம் முடிய வேலையும் வற்றியது, வேறு தொழிலுக்கு மாறினார்கள். ஒருவர் தன் மூன்றாவது தொழிலில் இருப்பது இங்கே அதிசயமில்லை. மூன்றில் ஒன்றுக்கும் அவரிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லாததும் அதிசயமில்லை.

இவர்களின் தாய் தகப்பன்மாரை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் பழையது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் வன்னிக்குள் வராது. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோவில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு எண்ணெயில் இரவு முழுக்க எரியும் விளக்குச் செய்தார்கள். எரிபொருளைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் ஒரு தலைமுறையே செய்து பார்த்துக் கற்றது. 2002இல் தடை நீங்கிப் பாதை திறந்ததும் அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கஷ்ட காலத்தில் செய்தது என்று ஒதுக்கிவிட்டார்கள். படித்ததைப் படிப்பு என்று கணக்கில் எடுக்காத இந்தப் பழக்கத்தைத்தான் பிள்ளைகளும் வாங்கியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பிழையான அளவுகள்

முதலில் வருமானம். எல்லோரும் கேட்பதும் அதைத்தான், நாமும் இரவில் எண்ணிப் பார்ப்பதும் அதைத்தான். 2021இல் தொழில் மாறிய ஒருவர் தன் வருமானத்தை 2023இன் வருமானத்தோடு ஒப்பிட்டால் என்ன கிடைக்கும்? 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. மார்ச் கடைசியில் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த வருடத்தில் ரூபா கூடினால் அது கெட்டித்தனமில்லை, குறைந்தால் அது மக்குத்தனமுமில்லை. வருமானத்தை அளக்கத்தான் வேண்டுமென்றால் ரூபாவில் அளக்காதீர்கள். ஒரு நாள் வேலையில் வந்த காசு அன்றைய விலையில் எத்தனை கிலோ அரிசிக்குச் சமம் என்று பாருங்கள். ஓரளவாவது உண்மை தெரியும்.

அடுத்தது மற்றவர்கள். கூடப் படித்தவன் கனடாவில் இருக்கிறான், மச்சாள் கொழும்பில் வங்கியில் வேலை செய்கிறாள். அவர்கள் நிற்பது வேறு ஓட்டத்தில். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் ஆபத்து: பார்த்த வீடியோக்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பத்து நிமிடத்தில் ஒரு போனைத் திருத்திக் காட்டுவார். அவர் இரண்டு மணித்தியாலம் தேடியது வெட்டப்பட்டிருக்கும், சூடாக்கிக் கருக்கிய போர்ட் காட்டப்பட்டிருக்காது. பார்க்கும்போது எல்லாம் விளங்கியது போலிருக்கும். கைக்கு வந்தவுடன் ஒன்றும் விளங்காது. வீடியோ பார்ப்பது தேவைதான், எத்தனை பார்த்தோம் என்பதை முன்னேற்றத்தில் சேர்க்கக்கூடாது. விட்ட வேலையை எண்ணினாலும் எண்ணலாம், பார்த்த வேலையை எண்ணக்கூடாது.

பழுதை எழுதி வையுங்கள்

ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப்புறம் பஸ் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண், அதை விட்டுவிட்டுப் போன் திருத்தப் பழகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குகிறார். வரும் ஒவ்வொரு போனுக்கும் நாலு வரி எழுதுகிறார்: என்ன பழுது என்று கொண்டுவந்தார்கள், நான் முதலில் எதைப் பார்த்தேன், எங்கே போய் முடிந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது. அவ்வளவுதான். தொடக்கத்தில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

“பங்குனி 4. உயிரில்லை. பற்றரி மாத்தினன், சரிவரேல்லை. சார்ஜிங் போர்ட் மாத்தினன், சரிவரேல்லை. ரெண்டு நாள். திருப்பிக் குடுத்தாச்சு. காசு வாங்கேல்லை.”

அதே கொப்பியின் பின்பக்கம் ஒன்று:

“ஐப்பசி 19. கடல் தண்ணி. பட்டன் அமத்த முதலே பவர் சப்ளையில அரை அம்பியர் இழுக்குது. மெயின் லைன் ஷோர்ட். ஐபிஏ பூசினன், ஒரு கப்பாசிற்றர் மட்டும் டக்கெண்டு காய்ஞ்சது. கழட்டினன். உயிர் வந்தது. முக்கால் மணித்தியாலம். டிஸ்பிளேயும் பழுது, அது வேண்டாமெண்டிட்டார்.”

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். கடலுக்குப் போகிறவர்களின் போனில் உப்புத் தண்ணீர் ஏறினால் போர்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும். சின்னக் கப்பாசிற்றர் ஒன்று ஷோர்ட்டாகி, பற்றரியிலிருந்து வரும் கரண்ட் முழுவதையும் தானே குடித்துவிடும். போனுக்கு வெளியிலிருந்து நாலு வோல்ற் அளவில் கொடுத்து, பட்டனை அமத்த முன்னமே மீற்றர் கரண்ட் காட்டினால் பழுது அந்தப் பிரதான வழியில் என்று தெரியும். போர்ட் முழுக்க ஐசோபுறோபைல் அற்ககோலை, அதாவது ஐபிஏயை, பூசினால் ஷோர்ட்டான பாகம் சூடாகும், அந்த இடம் முதலில் காயும். பிறகு அதை மட்டும் கழற்றலாம்.

இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டாவது போன் திருந்தியது என்பது பெரிய விசயமில்லை. அதிர்ஷ்டத்திலும் போன் திருந்தும். முதல் பக்கத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுப் பார்க்கிறார். பின்பக்கத்தில், கழற்ற முதலே கரண்ட் எங்கே போகிறது என்று கேட்கிறார். முன்னேற்றம் அந்த மாற்றத்தில் இருக்கிறது. அது எந்த நாளில் நடந்தது என்று அவருக்கே தெரியாது. கொப்பியில் மட்டும் தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைத்தான் பழகுகிறவர்கள் கவனிப்பதேயில்லை:

“கார்த்திகை 2. சூடேறி நிண்டு போச்சு. ஷோர்ட் சீபியூக்குக் கீழ. என்னால ஏலாது. யாழ்ப்பாணம் அனுப்பச் சொன்னனான். பதினைஞ்சு நிமிசம்.”

திருத்தவில்லை, ஆகவே தோல்வி என்றுதான் எவரும் எழுதுவார்கள். ஆனால் பங்குனியில் “ஏலாது” என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது, இடையில் நல்ல சார்ஜிங் போர்ட்டையும் கழற்றி வீணாக்கினார். கார்த்திகையில் பதினைந்து நிமிடத்தில், எங்கே பழுது, ஏன் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். போன் முன்னிருந்ததைவிட மோசமாகாமல் திரும்பிப் போனது. “என்னால் ஏலாது” என்ற முடிவுக்கு வர எடுக்கும் நேரம் குறைந்துகொண்டு போவதைப் போல நம்பகமான அளவு எனக்குத் தெரிந்து வேறில்லை. வயரிங் வேலைக்கும் தண்ணீர் மோட்டார் திருத்துவதற்கும் இது அப்படியே பொருந்தும்.

கொப்பியை ஒவ்வொரு நாளும் புரட்டாதீர்கள். தினமும் கண்ணாடி பார்க்கிறவனுக்கு முகம் மாறியது தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அல்லது திருத்திக் கொடுத்த வேலை பழுதாகித் திரும்பி வந்து, கடைக்கு முன்னால் நாலு பேர் கேட்க வாக்குவாதப்பட்ட நாளில் எடுங்கள். அன்றைக்குத்தான் “எனக்கு இது சரிவராது” என்ற எண்ணம் வரும், கொப்பி அதற்குப் பதில் சொல்லும். திரும்பி வந்த வேலையையும் மறைக்காமல் எழுதுங்கள். அதே பழுதுக்கு இரண்டாம் முறை வந்ததா, புதுப் பழுதா என்று பிரித்து எழுதினால், எதில் உங்கள் கை இன்னும் திருந்தவில்லை என்பது தானாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கொப்பியில் வாடிக்கையாளரின் பெயரையோ, ஸ்கிறீன் லொக் இலக்கத்தையோ, போனுக்குள் கண்ட எதையோ எழுதாதீர்கள். திகதியும் பழுதும் போதும். சின்ன ஊர். கொப்பி மேசையில் கிடக்கும். தன் போனை நம்பிக் கொடுத்த பெண்பிள்ளைக்கு அந்த நம்பிக்கைதான் பெரிது. பெண்கள் திருத்தும் கடைக்கு இந்த விசயத்தில் இயல்பாகவே ஒரு மதிப்பு உண்டு, அதைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம்.

எழுதி வைப்பதற்கு உலகத்திலே பெரிய உதாரணம் மைக்கல் பரடே. இலண்டனில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய பெடியன். கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே அறிவியலுக்குள் வந்தவர். 1812இல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813இல் றோயல் இன்ஸ்ரிரியூசனில் உதவியாளராக வேலை கிடைத்தது. அந்தக் கதை பலருக்குத் தெரியும். அவ்வளவாகத் தெரியாதது அவருடைய ஆய்வுக் குறிப்பேடு. பந்திக்குப் பந்தி தொடர் இலக்கம் போட்டு எழுதினார், இலக்கம் பதினாறாயிரத்தைத் தாண்டியது. சரிவராதவைக்கும் அதே வரிசையில்தான் இலக்கம். ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு காண முயன்று ஒன்றும் கிடைக்காததும் அதில் இருக்கிறது. 1862இல் காந்தம் ஒளியின் நிறமாலையை மாற்றுமா என்று பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. 1896இல் சீமான் என்ற டச்சுக்காரர் இன்னும் நல்ல கருவியோடு அதே இடத்தில் தேடி, மாற்றம் உண்டு என்று கண்டார். பரடேயின் கேள்வி சரி, அவரிடமிருந்த கருவிதான் போதாது. எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு இதை நாம் பிரித்துச் சொல்லமுடிகிறது. உங்கள் கொப்பியிலும் “சரிவரேல்லை” என்பதற்குப் பக்கத்தில், எனக்குத் தெரியாததாலா, கருவி இல்லாததாலா என்று ஒரு சொல் எழுதுங்கள். நல்ல ஹொட் எயார் இல்லாமல் ஐசி கழற்ற ஏலாது. அது உங்கள் கையின் குற்றமில்லை.

கணினிப் பக்கம் போனவர்களுக்கு இது இன்னும் இலேசு. பழைய நிரல் அப்படியே கிடக்கும், அழிக்காமல் வைத்திருந்தால் போதும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழிப் பாடங்களை இங்கிருந்தும் படிக்கிறார்கள். தொடக்கத்தில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் அப்படியே கொப்பி பண்ணி கூகிளில் போட்டவர், இப்போது எந்த வரியில் என்று முதலில் பார்க்கிறார் என்றால் அது நல்ல தூரம். ஆறு மாதத்துக்கு முந்தின உங்கள் நிரலைப் பார்க்க வெட்கமாக இருந்தால் அதுவும் நல்ல அறிகுறிதான். சற்ஜிபிடியிடம் கேட்டுத் திருத்தியதை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதைக் கேட்காமல் செய்து பாருங்கள். வந்தால் உங்களுடையது, வராவிட்டால் இன்னும் கடன்.

கொப்பிக்கு ஒரு நகல் வேண்டும் என்று வன்னியில் சொல்லத் தேவையில்லை. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓடிய சனம். அதையும் தவறவிட்டு, பிறகு நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக எடுத்தவர்கள் எத்தனையோ பேர். மாத முடிவில் பக்கங்களைப் போனில் படமெடுத்து மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். திருத்த முதலும் பிறகும் எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள். காரணம் அடுத்தது.

கடதாசி எடுக்கும் வழி

தானாகப் பழகிய தொழிலுக்கும் இலங்கையில் அரச சான்றிதழ் எடுக்கலாம் என்பது இந்தப் பக்கத்தில் பலருக்கு இன்னும் தெரியாது. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ, ஏழு மட்டங்கள் கொண்டது. ஒன்று முதல் நாலு வரை தொழிற்சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். நாலாம் மட்டம் தன் வேலையைத் தானே முழுமையாகச் செய்யக்கூடியவருக்குரியது. கோஸ் செய்துதான் இதை எடுக்கவேண்டும் என்றில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி ஒன்று உண்டு, ஆர்.பி.எல் என்பார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் நடப்பது. நைற்றா என்ற அரச பயிற்சி நிறுவனம் வழியாக விண்ணப்பிக்கலாம். அதன் மாவட்ட அலுவலகத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: என் தொழிலுக்குத் தேர்ச்சி நியமம் இருக்கிறதா, எந்த மட்டம் வரைக்கும் இருக்கிறது?

நியமம் இருந்தால் அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தொழில் அலகு அலகாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தெரிந்ததற்கு ஒரு சரி போடுங்கள். தனியே பழகியவருக்கு இது ஒரு விசித்திரமான அனுபவம். இத்தனை நாளும் “அங்கொண்டும் இங்கொண்டும் தெரியும்” என்று சொல்லிக்கொண்டவர், பாதிக்கு மேல் சரி போட்டிருப்பார். மற்றப் பக்கத்தில் அடிப்படையான சிலது விடுபட்டிருக்கும். பெரும்பாலும் பாதுகாப்பு, அளவை, கணக்கு எழுதுவது. யூரியூப்பில் ஒருவரும் அதைச் சொல்லித்தருவதில்லை, பார்க்க ருசியில்லை. இனி எதைப் பழகவேண்டும் என்ற பட்டியல் அப்போது கையில் வந்துவிடும்.

மதிப்பீட்டுக்கு வருகிறவர் கேள்வி கேட்பார், செய்துகாட்டச் சொல்வார், செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார். கொப்பியும் படங்களும் அங்கேதான் உதவும். கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லலாம், ஆனால் கருவிகளின் பெயரை நியமத்தில் உள்ளபடி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். “இந்தச் சாமான்” என்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தால், தெரிந்தவரும் தெரியாதவர் போலத் தெரிவார். நாலாம் மட்டம் கிடைத்து மேலே போக விருப்பமிருந்தால், பரந்தன் பாதையால் போய் கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் உங்கள் துறை இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

சான்றிதழ் எல்லோருக்கும் தேவை என்று நான் சொல்லமாட்டேன். கடைக்கு வருகிறவர் சுவரில் தொங்குவதைப் பார்த்துப் போனைத் தருவதில்லை. வெளிநாட்டு வேலைக்கும் வங்கிக் கடனுக்கும் அரச ஒப்பந்தத்துக்கும் அது கைகொடுக்கும். இன்னொரு பயனும் உண்டு: நீங்கள் யாரென்று தெரியாத ஒருவர், கதை கேட்காமல், வேலையை மட்டும் பார்த்துவிட்டு “சரி” என்கிறார்.

கூலி கேட்பது

தன் முன்னேற்றத்தை மதிக்கிறாரா இல்லையா என்பது ஒருவர் கூலி கேட்கும்போது தெரிந்துவிடும். தானாகப் பழகினவர்கள் சாமான் காசை மட்டும் வாங்கிக்கொண்டு, “கூலி பாத்துத் தாங்கோ அண்ணை” என்பார்கள். தொடக்கத்தில் அது நியாயம். வாடிக்கையாளரின் போனில்தானே நீங்கள் படிக்கிறீர்கள். ஆனால் மூன்று வருடம் கழித்தும் அதே வசனம் என்றால், கொப்பியை எடுத்து, எந்தெந்தப் பழுது ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை என்று பாருங்கள். அவற்றுக்குக் கூலியை நிச்சயப்படுத்துங்கள். இன்னும் கை நடுங்கும் வேலைக்குக் குறைத்து வாங்குங்கள், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பில்லில் சாமானுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி. சேர்த்து ஒரு தொகையாக எழுதினால் சாமான் விலை ஏறும்போது உங்கள் கூலிதான் கரையும். 2022இல் பலருக்கு நடந்தது அதுதான்.

பழுது பார்த்துச் சொல்வதற்கும் ஒரு சிறு தொகை வையுங்கள். “திருத்தேல்லைத்தானே, பிறகென்ன காசு?” என்று கேட்பார்கள். எங்கே பழுது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: “இதை யாழ்ப்பாணத்தில காட்டுங்கோ அண்ணை, அவை முதல்ல இருந்து கழட்டத் தேவையில்லை.” தொகையை முன்கூட்டியே கடைக்கு முன்னால் எழுதி ஒட்டிவிட்டால் வாக்குவாதம் பாதி குறையும். திருத்தக் கொடுத்தால் அந்தத் தொகையைக் கூலியில் கழித்துவிடுவீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்.